வீதியின் ஓரம் யாருக்குரியது?

'வீதி அபிவிருத்தி' என்னும் தொடர் எம்மிடையே ஒரேயொரு பொருளைப் பெற்றுவிட்டது. வீதியை அகலிப்பது, காப்பெற் இடுவது, நடுவிலே வெள்ளைக் கோடு கீறுவது, அவ்வளவுதான். போருக்குப் பின்னர் குடாநாட்டின் பெருவீதிகள் பல இவ்வாறே அபிவிருத்தி கண்டன. அவ்வீதிகளில் எவர் செல்கின்றனர், எவ்வளவு வேகத்திற் செல்கின்றனர், எவர் விழுகின்றனர் என்ற வினாக்களுக்குப் பொறியியலாளரின் வரைபடத்தில் இடமில்லை. எமது பல்கலைக்கழகத்துக்கு அண்மையாகச் செல்லும் பலாலி வீதியையே எடுத்துக்கொள்வோம். கந்தர்மடம், பரமேஸ்வராச் சந்தி, திருநெல்வேலி ஊடாகக் கோண்டாவில் வரையான பகுதி எமது வாதத்துக்குப் போதுமானது.

இது நகரின் புறப்பகுதி வீதி. சந்தை, பாடசாலைகள், தனியார் கல்வி நிலையங்கள், வங்கிகள், மருந்துக்கடைகள் எல்லாம் இதன் இருமருங்கிலும் உள்ளன. காலையிலே சீருடை அணிந்த பிள்ளைகளும், சந்தைக்குக் கீரைக்கட்டுடன் வரும் தோட்டக்காரரும், வேலைக்குச் செல்லும் மேசன்மாரும், விரிவுரைக்கு விரையும் மாணவரும் துவிச்சக்கரவண்டியில் இவ்வழியே செல்கின்றனர். அவர்களின் முழங்கையை உரசிக்கொண்டு, ஒன்றையொன்று முந்தப் போட்டியிடும் பஸ்கள் செல்கின்றன.

காப்பெற் வீதி துவிச்சக்கரவண்டிக்கும் நன்மைதானே என்று கேட்கலாம். மேற்பரப்பைப் பொறுத்தவரை நன்மைதான். ஆனால் தார்ப்படையின்மேற் படையிட வீதியின் விளிம்பு உயர்கிறது. மண் ஓரமோ தாழ்ந்தே கிடக்கிறது. பஸ் முந்தும்போது ஓட்டுபவர் ஓரத்துக்கு இறங்குகிறார். மீண்டும் ஏற முயல்கையில் முன்சில்லு விளிம்பிலே உரசித் திரும்ப மறுக்கிறது. அவர் விழுவது கான் பக்கமாக அன்று, வீதியின் பக்கமாகவே. அதாவது, அடுத்து வரும் வாகனத்தின் முன்னால். வங்கி வாசலில் நிறுத்தப்பட்ட கார் இன்னொரு பொறி. அதனைச் சுற்றிச் செல்ல நடுவீதிக்கு வரவேண்டும். அதற்குள் கதவு திறக்கப்பட்டாலும் திறக்கப்படலாம். முன்பு குன்றும் குழியுமாக இருந்த வீதி வாகனங்களின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தியது. குழிகளை மூடியவர்கள் அந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே மூடிவிட்டனர். வேகம் 30 கிலோமீற்றரிலிருந்து 50 ஆகும்போது மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கையும் தாண்டி ஏறக்குறைய மும்மடங்காகிறது. இது க.பொ.த. மாணவனும் அறிந்த பௌதிகம்.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவனவற்றுள் முதலாவது, துவிச்சக்கரவண்டிக்காரர் ஒழுங்கற்றவர் என்பது. சமாந்தரமாகப் பேசிக்கொண்டு ஓடுகிறார்கள், இரவில் விளக்கின்றிச் செல்கிறார்கள் என்கின்றனர். உண்மைதான், விளக்குப் பூட்டத்தான் வேண்டும். ஆயின் ஒழுங்கீனத்துக்கு உயிரைத் தண்டமாகக் கேட்கும் சட்டம் எந்நாட்டில் உண்டு? பாதசாரிக் கடவையிலே நிற்காது செல்லும் காரோட்டியின் ஒழுங்கீனம் அவரைக் கொல்வதில்லை, பிறரையே கொல்கிறது. (ஒருகாலத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் துவிச்சக்கரவண்டிக்கு ஆண்டுதோறும் காசு வாங்கிக்கொண்டு உரிமத் தகடு கொடுத்தன. அக்காசுக்கு ஈடாக வீதியில் ஒரு முழ இடமேனும் ஒதுக்கப்பட்டதாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.)

இரண்டாவது மறுப்பு, இடமில்லை என்பது. பஸ்ஸின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீற்றர். திசைக்கு 3 மீற்றர் கொடுத்து, இருபுறமும் துவிச்சக்கரவண்டிக்கு 1.5 மீற்றர் ஒதுக்கினால் மொத்தம் 9 மீற்றர். அவ்வளவு அகலம் உள்ள இடங்களில் முதலிலே அகற்றப்பட வேண்டியது வாகனத் தரிப்பு. அகலம் இல்லாத இடங்களில், குறிப்பாகத் திருநெல்வேலிச் சந்தையடியிலும் பாடசாலை வாசல்களிலும், வேகம் 30ஆகக் குறைக்கப்பட வேண்டும். பலகை நட்டு அன்று, கடவைகளை மேடாக உயர்த்தி. ஒழுங்கைகளால் போகலாமே என்பாரும் உளர். ஒழுங்கைகளை இணைத்துச் செப்பனிடுவது நல்லதே. ஆனால் சந்தையும் பாடசாலையும் பெருவீதியில் இருக்க, அங்கு செல்பவரை ஒழுங்கைக்குள் ஒதுங்கச் சொல்வது தீர்வாகாது. காருக்கு மட்டுமா வீதி?

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. ஆனால் வலிமை மிக்கது அதுவே. துவிச்சக்கரவண்டி வறியவரின் வாகனம், வசதி வந்தால் மறைந்துவிடும் என்ற எண்ணம் அது. வரலாறு வேறு கதை சொல்கிறது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் எரிபொருள் வராதபோது குடாநாட்டை இயக்கியது துவிச்சக்கரவண்டியே. அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பொருள்களையும் முதியோரையும் சுமந்ததும் அதுவே. 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் நிறுத்தப்பட்டதும் கார் வைத்திருந்தவர்களும் அதனைத் தேடி ஓடினர். பெற்றோல் வந்ததும் மறந்தனர். எமது கவிதைகளிலும் நினைவுக் கட்டுரைகளிலும் அதற்கு இடமுண்டு. வீதித் திட்டத்தில் மாத்திரம் இல்லை!

நெதர்லாந்தைக் காட்டினால் அது செல்வந்த நாடு என்று வாயடைப்பர். அந்நாடும் போருக்குப் பிந்திய இரு தசாப்தங்களில் வீதிகளைக் காருக்கே கையளித்தது. 1971இல் அங்கு வீதி விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர். குழந்தைக் கொலையை நிறுத்துக என்ற முழக்கத்துடன் பெற்றோர் வீதிக்கு இறங்கினர். 1973இன் எண்ணெய் நெருக்கடி அவர்களின் குரலுக்கு வலுச்சேர்த்தது. இன்று நாம் காணும் தனிப்பாதைகள் அப்போராட்டத்தின் பேறுகள்.

இங்கே வீதி ஓர் அதிகார சபையின் கையில், வழக்குத் தொடுப்பது பொலிஸாரின் கையில், ஓரத்துக் கட்டடத்துக்கு அனுமதி வழங்குவது உள்ளூராட்சி மன்றத்தின் கையில். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதற்கு இதனினும் வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை. இதனை உடைக்கத் தேவைப்படுவது எண்கள். திருநெல்வேலியிலே புவியியற்றுறை உண்டு. கிளிநொச்சியிலே பொறியியற் பீடம் உண்டு. பரமேஸ்வராச் சந்தியில் ஒரு வாரம், காலை ஆறரை முதல் எட்டரை வரை, எந்த வாகனத்தில் எத்தனை பேர் செல்கின்றனர் என்று எண்ணப் பத்து மாணவர் போதும். வாகனங்களை எண்ணக்கூடாது, மனிதரை எண்ணவேண்டும். அவ்வெண்களுடன் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் முன் செல்வது எமது பொறுப்பு. அடுத்த தார்ப்படை இடப்படுவதற்கு முன்னரே செல்லவேண்டும். வெள்ளைக் கோடு கீறிய பின்னர் எவரும் காதுகொடுக்கப் போவதில்லை.