ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு நூலகம்

பழைய டெல்லி ஸ்டேஷனில் பல வருடம் வேலை பார்த்தேன். எதிரே இருந்த டெல்லி பொது நூலகத்தின் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. ஓய்வுக்குப் பின், பேத்திக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் தேடித்தான் உள்ளே போனேன். இரண்டு புத்தகங்களுடன் வீடு திரும்பினேன்.

1951-ல் யுனெஸ்கோ உதவியுடன் தொடங்கிய நூலகம் இது. 1954-ம் வருடச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதி பெறும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. தமிழ் நூல்களும் இதில் சேர்த்தி.

நாமோ, ஊருக்குப் போகிறவர்களிடம் புத்தகம் வாங்கி வரச் சொல்லிக் காத்திருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வரவில்லை என்றும் குறைப்படுகிறோம். ரயில் ஓடாத தண்டவாளம் துருப்பிடிக்கும். கேட்பாரில்லாத தமிழ் அலமாரியும் அப்படித்தான்.

இந்த மாதமே பேரப்பிள்ளைகளை அழைத்துப் போங்கள்; உறுப்பினராகச் சேருங்கள்; தமிழ்ப் புத்தகம் கேளுங்கள்.