பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு இல்லை

வரைபடம் பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் செய்மதிக்குத் தெரியும். அது யாருடைய காணி, ஏன் அங்கே பயிர் இல்லை என்பது தெரியாது.

வலிகாமம் வடக்கை எடுங்கள். பலாலி, மயிலிட்டி, கட்டுவன், வசாவிளான் எல்லாம் வாழையும் வெங்காயமும் விளைந்த செம்மண் ஊர்கள். 1990இல் சனம் இடம்பெயர்ந்தது. இராணுவம் உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டது. தோட்டங்களில் பற்றை வளர்ந்தது. அந்தக் காலத்து லாண்ட்சாட் படங்களை ஒப்பிட்டால் கணினி "பயிர்நிலம் குறைந்தது, பசுமை கூடியது" என்றுதான் சொல்லும். அதைப் பார்த்து "இயற்கை மீண்டது" என்று ஒரு மாணவர் எழுதினால், துரத்தப்பட்டவர்களை அவர் இன்னொரு தடவை துரத்துகிறார்.

அந்தப் படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். யாழ்ப்பாணக் கணக்கில் ஏறத்தாழ மூன்றரைப் பரப்பு. ஒரு குடும்பத்தின் வீடு, கிணறு, தோட்டம் எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் காணாமல் போய்விடும்.

இது வெறும் பாடசாலை வேலை இல்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. வன்னியில் போரால் கைவிட்ட வயல்களுக்குத் திரும்பி வந்தவர்களிடம் வனவளத் திணைக்களம் "இது காடு" என்றது. 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானி, வடக்கில் கிட்டத்தட்ட 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்தில் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது. உறுதி எரிந்துபோனவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் என்ன செய்வது? எதிர்ப்புக் கிளம்பி, வழக்கு உயர் நீதிமன்றம் போய், ஜூனில் இடைக்காலத் தடை வந்தது.

இப்போது எங்கள் லவாலைப் பாருங்கள். கியூபெக்கில் 1978இல் விவசாய நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தத் தீவில் ஏறத்தாழ 30 வீதம் விவசாய வலயம். அதில் சில காணிகள் பயிரில்லாமல் பற்றை பிடித்துக் கிடக்கின்றன. ஆனாலும் சட்டத்தில் அது விவசாய நிலம்தான். இங்கே பற்றை வளர்ந்தால் வயல் வயலாகவே இருக்கிறது. அங்கே வளர்ந்தால் காடாகிவிடுகிறது. ஏன்?

காட்டைக் காப்பாற்ற வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் முதலில் 1990க்கு முந்திய படத்தைப் பாருங்கள். குளக்கட்டும் வாய்க்காலும் தானாக முளைப்பதில்லை. அவை தெரிந்தால் அங்கே விவசாயி இருந்திருக்கிறார்.

தம்பி, தங்கச்சி, அடுத்த தடவை ஊர் வரைபடம் செய்யும்போது "காடு", "வயல்" என்ற இரண்டு நிறத்தோடு நிற்காதீர்கள். "பயிர் செய்ய விடாத நிலம்" என்று மூன்றாவது நிறம் ஒன்று போடுங்கள். எங்கே அதைப் போடுவது என்று அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.