மணியா, உண்டியலா?



திருவாரூரிலே மனுநீதிச் சோழன் கட்டி வைத்த ஆராய்ச்சி மணியின் கதையை நீங்கள் அறிவீர்கள். கன்றை இழந்த பசு மணியை அசைத்தது. மன்னன் ஓடோடி வந்தான். பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான். கேட்டுக் கேட்டு வளர்ந்த கதை. ஆயினும் அதிலே நாம் அதிகம் எண்ணிப் பாராத நுட்பம் ஒன்று உண்டு. மணியோசை மன்னன் செவியில் மட்டுமா விழுந்தது? வீதியிலே நடந்தோர், கடையிலே அமர்ந்தோர், அமைச்சர், காவலர் அத்தனை பேர் செவியிலும் விழுந்தது. முறையீடு வந்திருக்கிறது என்பதை ஊர் அறிந்துவிட்டது. ஆகவே தீர்ப்பு என்ன என்று ஊர் காத்து நின்றது. "அப்படியொரு பசு வரவே இல்லையே" என்று சொல்லி எந்த அமைச்சனும் தப்பியிருக்க இயலாது.

இன்று டில்லியிலே மணி இல்லை; உண்டியல் இருக்கிறது. கைப்பேசி, இணையம், செயற்கை நுண்ணறிவு, குடிமகனின் அந்தரங்கத் தகவல் ஆகியவை பற்றி அரசு என்ன செய்யவேண்டும், எதை முதலில் செய்யவேண்டும் என்று மக்களையே கேட்கிறோம் என்கிறார்கள். வரைவு வெளியாகிறது. நாள் குறிக்கப்படுகிறது. கருத்தை எழுதிப் போடுங்கள் என்கிறார்கள். போடுகிறோம். போட்டது எங்கே போயிற்று? எவர் போட்டது எடுபட்டது, எவர் போட்டது எறியப்பட்டது? கேட்டால் விடையில்லை. கோயில் உண்டியலையாவது ஊரார் முன்னிலையிலே திறந்து எண்ணுகிறார்கள்!

மிகைப்படுத்துவதாக எண்ணவேண்டா. 2022 நவம்பர் 18 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கோரியது. அந்த அறிவிப்பிலேயே ஒரு வாசகம்: வரும் கருத்துகள் நம்பிக்கைப் பொறுப்பிலே வைத்துக்கொள்ளப்படும், பகிரங்கமாக வெளியிடப்படமாட்டா. ஏன்? அப்போதுதான் அனைவரும் தயக்கமின்றிக் கருத்துக் கூறுவார்களாம்! 2025 ஜனவரியில் அதே சட்டத்தின் விதிகளுக்கு வரைவு வந்தபோதும் இதே பூட்டுத்தான் தொங்கிற்று.

யாருக்குத் தயக்கம், நண்பர்களே? முதலாளிக்கு அஞ்சும் தொழிலாளிக்கு இருக்கலாம். மேலதிகாரிக்கு அஞ்சும் எழுத்தருக்கு இருக்கலாம். அவர்கள் பெயரை மறைத்துவிட்டுக் கருத்தை வெளியிடுவது அரிய காரியமா? கோடிகோடியாய் ஈட்டும் குழுமங்களுக்கு எதற்குத் திரை? ஏழை ஒருவனின் அச்சத்தைக் காட்டி, எல்லோருடைய கோரிக்கைக்கும் சேர்த்துப் போர்வை நெய்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும், சட்டம் இயற்றுமுன் மக்களைக் கலந்துகொள்வதற்கென்று 2014ஆம் ஆண்டிலே மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. வரைவை 30 நாட்களாவது மக்கள் முன் வைக்கவேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகத்தின் வலைத்தளத்திலே வெளியிடவேண்டும் என்பது அதன் சாரம். எழுதிய கை அதே கை. மறந்த கையும் அதுதான்.

இதனால் விளைந்தது என்ன என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். அந்த வரைவின் கடைசிப் பகுதியிலே, ஓசைப்படாமல் ஒரு பிரிவு உட்கார்ந்திருந்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவு அது. அதற்கு முன்பு, தனிநபர் பற்றிய தகவல் என்று சொல்லி மறுக்க வேண்டுமானால், பொதுக் காரியத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்றோ, அந்தரங்கத்தில் அது தேவையின்றித் தலையிடும் என்றோ காட்டவேண்டும். பொதுநலன் பெரிதெனில் அப்போதும் கொடுக்கவேண்டும். திருத்தம் அந்த நிபந்தனைகளை நீக்கிற்று. தனிநபர் தகவலா, மறுக்கலாம் — தீர்ந்தது! 2023 ஆகஸ்டிலே நாடாளுமன்றம் இதை நிறைவேற்றியது. 2025 நவம்பரில் இத்திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுநலன் கருதித் தகவல் அளிக்க அச்சட்டத்தின் வேறொரு பிரிவு இடம் தருகிறதே என்று அரசுத் தரப்பு சொல்கிறது. உண்மைதான், இடம் தருகிறது. அதிகாரி மனம் வைத்தால்! "எங்கள் ஊர்ச் சாலை வேலைக்கு யார் யாருக்குக் கூலி கொடுத்தீர்கள்?" என்று கேட்கும் கிராமத்துப் பெண் இனி அந்த மனத்தைத்தான் நம்பவேண்டும். கூலிப் பட்டியலிலே இருப்பவை தனிநபர் பெயர்கள் அல்லவா?

இப்பிரிவை வேண்டி விண்ணப்பித்தவர் எவர்? வேண்டாம் என்று எழுதியவர் எத்தனை பேர்? எதிர்த்தவர் சொன்ன காரணம் யாது; அதற்கு அரசு கண்ட மறுமொழி யாது? உண்டியலைத் திறந்தால் தெரியும். திறக்கமாட்டோம் என்கிறார்கள்.

டில்லிக்குத் திறக்கத் தெரியாதா? தெரியும். 2015 மார்ச்சிலே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இணையச் சேவைகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்று 118 பக்கத்திலே, 20 கேள்விகளோடு ஓர் ஆலோசனைத் தாளை வெளியிட்டது. படிப்பதற்கே பொறுமை வேண்டும். இளைஞர்கள் சிலர் அதை எளிய மொழியிலே சுருக்கினர். நகைச்சுவைக் கலைஞர்கள் படமெடுத்து விளக்கினர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மடல்கள் ஆணையத்தின் வாசலிலே குவிந்தன. ஆணையம் அவற்றை வெளியிட்டது — அனுப்பியோரின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்து! அது பெரும் பிழை. அன்றே பலர் கண்டித்தனர். என்றாலும் அந்தப் பிழையிலும் ஒரு வெள்ளை மனம் இருந்தது என்பேன்.

அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாவது தாள் வந்தது. இணையத்திலே சில பக்கங்களை மட்டும் இலவசமாகக் காட்டுவதும், மற்றவற்றுக்குக் காசு வாங்குவதும் முறையாகுமா என்பது அதன் கேள்வி. அப்படியொரு இலவசத் திட்டத்தை வைத்திருந்த ஃபேஸ்புக் நிறுவனம், தன் பயனர்களிடம் ஆயத்த மடல் ஒன்றை நீட்டி, ஒரு பொத்தானை அழுத்தி அனுப்பச் சொன்னது. லட்சக்கணக்கில் பறந்தன. கேட்ட கேள்விகளுக்கு அவற்றிலே விடையில்லை என்று ஆணையம் வெளிப்படையாகவே கூறிற்று. 2016 பிப்ரவரி 8 அன்று, பாகுபாடான கட்டணம் கூடாது என்று ஆணை பிறந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம். அந்த வாரத்திலேயே ஃபேஸ்புக் தன் திட்டத்தை இந்தியாவிலிருந்து விலக்கிக்கொண்டது. மடல்கள் உண்டியலுக்குள் கிடந்திருந்தால், எது மக்கள் குரல், எது கூலிக்குப் பிடித்த குரல் என்று நாடு பிரித்தறிந்திருக்குமா?

கடல் கடந்தும் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக்கு நாட்டின் முன்னுரிமைகள் யாவை என்று 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தன் மக்களைக் கேட்டது. வந்த 10,068 கருத்துகளையும் ஏப்ரலிலே வெளியிட்டது. அந்த அரசின் கொள்கைகளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஜூலையிலே வந்த செயல்திட்டம் பெரும் நிறுவனங்களின் பக்கம் சாய்ந்திருந்தது என்று அங்கேயே பலர் குறை கூறினர். ஆனால் எப்படிக் கூற முடிந்தது? நிறுவனம் கேட்டதும் குடிமகன் கேட்டதும் பக்கம் பக்கமாகக் கிடந்தன; எடுத்து ஒப்பிட்டார்கள்.

"இவையெல்லாம் நிபுணர் பேசவேண்டியவை, பாமரனுக்கு என்ன புரியும்?" என்பார் உளர். கருவியின் நுட்பத்தை நிபுணர் அறிவார், மறுக்கவில்லை. தேய்ந்த விரலின் ரேகை பதியாமல், ரேஷன் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்பும் மூதாட்டியின் கால்வலியை எந்த நிபுணர் அறிவார்? அவளையும் கேட்கவேண்டும், அவளுக்குத் தெரிந்த மொழியிலே கேட்கவேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, 2020ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தபோது, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அரசோ அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்றது! வேடிக்கை யாதெனில், தரவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, குடிமகனிடம் ஒப்புதல் கேட்கும் நிறுவனம் இந்த 22 மொழிகளில் அவன் விரும்பும் மொழியிலே கேட்க வழி செய்யவேண்டும் என்கிறது. கடைக்காரனுக்கு விதித்த நெறியை அரசு தனக்கும் விதித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு தொழில்நுட்ப வரைவுக்கும் அது சட்டக் கடமையாகட்டும்.

அடுத்த வரைவு வரும். செயற்கை நுண்ணறிவு பற்றியோ, முகமறியும் கேமராக்கள் பற்றியோ வரும். உண்டியல்தானே என்று சலித்துக்கொள்ளாமல் எழுதுங்கள். எழுதியதன் படியொன்றை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே, சங்கக் கூட்டத்திலே அதை உரக்கப் படியுங்கள். வந்த கருத்துகளின் சுருக்கம் எங்கே என்று 2014ஆம் ஆண்டுக் கொள்கையைச் சுட்டிக்காட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவும் போடுங்கள். அதற்கு வரும் மறுமொழியை, மறுப்பாக இருந்தாலும், இந்த ஏட்டுக்கு அனுப்பி வையுங்கள். அச்சிடுகிறோம்.