காமிராக் கண் மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முகூர்த்த நாட்களில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில், வரும் கார்களை வரிசையாக நிறுத்த வழிகாட்டும் வேலைக்கு நான் செல்வதுண்டு. புத்தகச் செலவுக்கு அந்தக் கூலி உதவுகிறது. "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, போதும்!" என்று காலை முதல் மதியம் வரை கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு திரும்புவேன். இதையறிந்த என் வகுப்பு நண்பன் ஒருவன் சென்ற பருவத்தில் ஒரு நாள் கேலியாகச் சொன்னான்: "உன் வேலைக்கு ஆயுள் கொஞ்சம்தான்டா. காமிராவை வைத்துக்கொண்டு கார் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. உன் தொண்டை பிழைத்தது!"

அனைவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காமிராவை மட்டுமே நம்பி ஒரு கார் தன்னைச் சரியாக நிறுத்திக்கொள்ள இயலுமா? வேலை போய்விடுமே என்ற அச்சத்தால் இதைக் கேட்கவில்லை. இயற்பியல் மாணவன் என்ற முறையில் கேட்டேன். படித்தறிந்ததையும், அதிலிருந்து என் மனத்தில் எழுந்த கருத்தையும் மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

தொடக்கம் எங்கே?

தானே நிறுத்தும் கார் நேற்று முளைத்த விந்தையன்று. ஜப்பானில் 2003ஆம் ஆண்டிலேயே டொயோட்டா நிறுவனம் தன் ப்ரியஸ் காரில் இவ்வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்புறக் காமிரா காட்டும் படத்தில், கார் நிற்க வேண்டிய இடத்தை ஓட்டுபவர் திரையில் குறித்துக் கொடுப்பார். ஸ்டியரிங் தானே திரும்பும். பிரேக் மட்டும் மனிதன் காலடியில் இருக்கும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் மனிதன், நிறுத்துவதும் மனிதன். இடையே சக்கரத்தை வளைப்பது மட்டுமே பொறி.

பின்னர் மீயொலி உணர்கருவிகள் பரவலாயின. கார்களின் பம்பரில் சிறு பொத்தான் போல் வட்டமாகத் தெரிபவை அவைதாம். அமெரிக்காவின் 'ஏ.ஏ.ஏ.' என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2015ஆம் ஆண்டு தானே நிறுத்தும் வசதி கொண்ட ஐந்து கார்களைச் சோதித்தது. மனிதர் தாமே நிறுத்தியபோது சாலையோரக் கல்லில் சக்கரம் இடித்த தடவைகளைக் காட்டிலும், கார் தானே திரும்பி நிறுத்தியபோது இடித்தவை 81 சதவீதம் குறைவு என்று அச்சோதனை கூறிற்று. ஆகவே பொறி மனிதனைவிட நன்றாக நிறுத்தும் என்பதை மறுப்பதற்கில்லை. என் கேள்வி அதுவன்று. எந்தப் பொறி, எதைக் கொண்டு நிறுத்துகிறது என்பதே.

அளப்பதும் ஊகிப்பதும்

மீயொலிக் கருவி வேலை செய்யும் விதம் நம் முதலாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைக் கருவி அனுப்புகிறது. அது எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். பொருள் 1 மீட்டர் தொலைவில் இருந்தால், ஒலி போய்த் திரும்பச் சுமார் 6 மில்லி வினாடி ஆகும். நேரத்தை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். இருட்டானாலும் வெளிச்சமானாலும் கணக்கு ஒன்றே. இது அளவீடு.

காமிராவின் கதை வேறு. ஊசித்துளைக் காமிராவின் படத்தை நினைவுகூருங்கள். 1 மீட்டர் தொலைவில் உள்ள 10 சென்டிமீட்டர்க் குச்சியும், 10 மீட்டர் தொலைவில் உள்ள 1 மீட்டர்க் குச்சியும் திரையில் ஒரே உயரப் பிம்பத்தைத் தரும். படம் பிடித்த அக்கணத்திலேயே தொலைவு என்ற செய்தி தொலைந்துபோகிறது. இழந்த அதனைக் கணிப்பொறி வேறு வழிகளில் மீட்டாக வேண்டும். கார் நகரும்போது அருகிலுள்ள பொருள் வேகமாகவும் தூரத்துப் பொருள் மெதுவாகவும் இடம் மாறுவதை ஒப்பிடுவது ஒரு வழி. ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, "இத்தகைய உருவம் இத்தனை தொலைவில் இருக்கும்" என்று முடிவு செய்வது மற்றொரு வழி. இம்முடிவுகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. எனினும் இவை ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம்.

ஒரேயடியாகக் காமிராவைக் குறை கூறுவது நியாயமாகாது. மீயொலிக்குத் தரையில் வரைந்த வெள்ளைக் கோடு தெரியாது. இரு புறமும் கார்கள் நின்றால்தான் நடுவே இடம் இருப்பதை அது அறியும். காமிராவோ கோட்டைப் பார்க்கும், பலகையைப் படிக்கும், நிற்பது மனிதனா தூணா என்று பிரித்தறியும். மெல்லிய கம்பியையும், சாய்வான பரப்பையும், ஒலியை உறிஞ்சும் துணியையும் மீயொலி தவறவிடக்கூடும். அதேபோல் புள்ளியோ கோடோ இல்லாத வெள்ளைச் சுவரும், கண்ணாடிக் கதவும், ஈரத் தரையின் பளபளப்பும், அரையிருட்டும், லென்ஸில் தெறித்த சேறும் காமிராவைத் தடுமாறச் செய்யும். ஒன்றின் குறை மற்றதன் நிறை. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டியவை என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

டெஸ்லா செய்த சோதனை

இவ்விடத்தில்தான் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் வேறு பாதையில் சென்றது. 2021 மே மாதத்தில் அது தன் இரு வகைக் கார்களிலிருந்து ராடாரை நீக்கத் தொடங்கியது. 2022 அக்டோபரில், பம்பர்களில் இருந்த 12 மீயொலிக் கருவிகளையும் விட்டுவிடப் போவதாக அறிவித்தது. மனிதன் கண்ணாலும் மூளையாலும்தானே கார் ஓட்டுகிறான், காருக்கும் அவை போதும் என்பது அதன் தலைவர் எலான் மஸ்க் தொடர்ந்து கூறிவரும் வாதம்.

பின்னர் நடந்ததைக் கவனிக்க வேண்டும். கருவி இல்லாமல் வெளிவந்த புதிய கார்களில், தடையை எச்சரிக்கும் வசதியும், தானே நிறுத்தும் வசதியும், அழைத்தால் வரும் வசதியும் சில காலம் இல்லாமற் போயின. எச்சரிக்கை வசதி காமிரா வழியாக 2023 மார்ச்சில்தான் வரத் தொடங்கிற்று. தானே நிறுத்தும் வசதி 2024இல் வந்தது. பழையதைக் கழற்றியது முன்னே, புதியது வந்தது பின்னே. இடைப்பட்ட காலத்தில் காரை வாங்கியவர் கண்ணாடியைப் பார்த்துத் தாமே நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. அக்கார்களின் முன்நோக்குக் காமிரா முன்கண்ணாடியின் உச்சியில் இருந்தது. பம்பரில் காமிரா இல்லை. எனவே பம்பருக்கு மிக அருகே தரையில் இருப்பதை முன்மூடி மறைத்துவிடும். சற்று முன்பு பார்த்ததை நினைவில் வைத்தே அங்கே என்ன இருக்கிறது என்று கணிப்பொறி சொல்லியாக வேண்டும். தூணும் சுவரும் நகர்வதில்லை; அவற்றுக்கு நினைவு போதும். கார் நின்ற பிறகு ஒரு நாய்க்குட்டி வந்து படுத்தால் நினைவு என்ன செய்யும்? 2025இல் வெளிவந்த புதுப்பிக்கப்பட்ட மாடல் ஒய் காரில் முன் பம்பரிலும் ஒரு காமிரா வைத்தார்கள். குறை உணரப்பட்டது என்றே நான் கொள்கிறேன்.

அழைத்தால் தானே வரும் வசதியின் புதிய வடிவம் 2024 செப்டம்பரில் வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை அதைப் பற்றி விசாரணை தொடங்கியது. சுமார் 26 லட்சம் கார்கள் அவ்விசாரணையின் வரம்புக்குள் வந்தன. கம்பங்களையும் நிறுத்தப்பட்டிருந்த கார்களையும் கண்டுகொள்ளாமல் மோதியதாக வந்த முறையீடுகளே காரணம். நகராத கம்பம், பட்டப் பகலில் நிற்கும் கார் இவையே தப்பிப்போகுமானால், நகரும் சிறு உயிரைப் பற்றி நாம் கவலைப்படுவதில் தவறென்ன?

கண் மட்டுமா மனிதன்?

"மனிதன் கண்ணால்தானே ஓட்டுகிறான்" என்ற வாதத்தைக் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. மனிதன் கழுத்தைத் திருப்புகிறான். ஐயம் வந்தால் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறான். கண்ணாடியில் சேறு பட்டால் துடைக்கிறான். அப்படியும் நம்பிக்கை வராவிட்டால், "தம்பி, கொஞ்சம் பின்னாடி பாருப்பா" என்கிறான். தனக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்து இன்னொரு கண்ணைத் துணைக்கு அழைப்பதும் ஓட்டும் திறமையில் ஒரு பகுதி.

காமிரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் பின்னோக்கி வரும் வாகனங்களால் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறந்தனர் என்றும், அவர்களில் 31 சதவீதம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் அந்நாட்டு அரசு 2014இல் கூறியது. தந்தை பின்னோக்கி எடுத்த வண்டியில் சிக்கி இறந்த ஒரு சிறுவனின் பெயரால் 2008இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் விளைவாக 2018 மே மாதம் முதல் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் காமிரா கட்டாயமாயிற்று. அந்தக் காமிரா மனிதனின் கண்ணுக்குத் துணையாக வந்தது. துணையாக வந்த கண்ணையே ஒரே கண்ணாக்கும்போதுதான் எனக்கு மாறுபாடு.

அப்பா சொன்னது

என் தந்தையார் லாரியில் கிளீனராக இருந்து பின்னர் ஓட்டுநரானவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். நண்பன் சொன்ன கேலியை அவரிடம் சொன்னபோது, அவர் தம் கிளீனர் காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார்.

ஓர் அரிசி ஆலையில் நண்பகலில் லாரியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். ஓட்டுநர் இரு பக்கக் கண்ணாடியிலும் பார்த்துவிட்டார், எதுவும் இல்லை. அப்பாவும் பின்னால் நின்று பார்த்தார், எதுவும் இல்லை. "ரைட்" என்று சொல்ல வாயெடுத்தவர், வழக்கப்படி ஒரு முறை குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். வெயிலுக்கு ஒதுங்கி, பின் சக்கரத்தை ஒட்டித் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு சுமை தூக்கும் தொழிலாளி உறங்கிக்கொண்டிருந்தார். அப்பா லாரியின் உடம்பில் ஓங்கித் தட்டினார்; வண்டி நின்றது; அந்த மனிதர் எழுந்து போனார்.

"அன்னைக்கு அந்தாளு பேருகூடக் கேட்கலை. கண்ணாடியில தெரியலைன்னா அங்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமில்லை தம்பி. உனக்குத் தெரியலை, அவ்வளவுதான்" என்றார் அப்பா.

நம் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் கொடுக்கும்போதே சுழிப்பிழையைப் பார் என்று ஆசிரியர் கண்டிப்பது ஏன் என்று அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. கருவி காட்டாததும் இல்லாததும் ஒன்றல்ல. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் கார்கூட, 30 சென்டிமீட்டரை ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். அந்தக் கடைசி முப்பது சென்டிமீட்டரில் ஊகத்தோடு நின்றுவிடலாகாது என்பதே என் துணிபு.

என் கருத்து

காமிராவை மட்டும் நம்பும் கார், கோடு போட்ட, வெளிச்சமுள்ள, சுத்தமான இடத்தில் நன்றாகவே நின்றுவிடும். அந்தப் பாராட்டை அதற்குத் தருவோம். ஆனால் அளக்கும் கருவி ஒன்றை நீக்குமுன், அதற்கு ஈடானது தயாராகி, சோதிக்கப்பட்டு, முடிவு எல்லாரும் படிக்க வெளியிடப்பட வேண்டும். மழையில், இருட்டில், வெள்ளைச் சுவரருகே எங்கெங்கே அது தவறும் என்பதை வாங்குபவருக்கு விற்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். தெளிவாகத் தெரியாதபோது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லி நிற்கக் காருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்துவிட்டது. நம் நாட்டுக் கார்களிலும் காமிராக்கள் பெருகி வருகின்றன. நாளை இக்கருவிகளுக்கு நிரல் எழுதப் போகிறவர்களில் நம் கல்லூரி மாணவர்களும் இருப்பார்கள். நண்பர்களே, அந்த நாள் வரும்போது, திரை வெறுமையாக இருப்பதைக் கண்டு "ரைட்" சொல்லிவிடாதீர்கள். சக்கரத்தின் நிழலில் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.