வரமாம், வரம்!

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பிள்ளை ஒரு படம் வரைந்து காட்டினால் நம் வீடுகளில் கிடைக்கிற பாராட்டு ஒன்றுதான்: "இதெல்லாம் பிறவியிலேயே வரணும்." கேட்க இனிக்கும். ஆனால் வரைய வராத பிள்ளைக்கு அதுவே இறுதித் தீர்ப்பு. வரைகிற பிள்ளைக்கோ, இனிக் கற்க ஒன்றுமில்லை என்கிற சான்றிதழ்.

இதே பெற்றோர் பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களுக்கு மகளை நடனம் பழக அனுப்பும்போது இப்படிப் பேசுவதில்லை. தட்டடவிலேயே மாதக்கணக்கில் நிற்க வேண்டும், அரைமண்டி சரிந்தால் டீச்சர் அங்கேயே திருத்துவார், அரங்கேற்றத்துக்குப் பல வருஷமாகும். எல்லாம் தெரிந்துதான் கட்டணம் கட்டுகிறார்கள். காலுக்குப் பயிற்சி, கைக்கு மட்டும் வரமா?

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று நம் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். பழகிப் பழகி வருகிறவற்றில் அது முதலில் வைப்பதே ஓவியத்தைத்தான். பிறவியோடு வருவதாக அது ஒதுக்குவது நட்பு, இரக்கம், கொடை மூன்றையும். நாம் அதை அப்படியே தலைகீழாக்கிவிட்டோம்.

உடனே கேலிச்சித்திரக்காரர் லாட்டை இழுப்பார்கள். 1964-இல், பதின்மூன்று வயதில் கேலிச்சித்திரப் புத்தகம் போட்டவராயிற்றே, அது வரமில்லாமல் வேறென்ன என்று. மீதிக் கதையையும் சொல்ல வேண்டாமா? மலாய்க் கேலிச்சித்திரக்காரர்கள் 'பெங்ஹுலு', அதாவது தலைவர், என்று கொண்டாடிய ரெஜாபாட் அந்தப் பையனுக்கு வழிகாட்டினார், அதுவும் கடிதம் வழியாக. லாட்டின் 'தி கம்போங் பாய்' புத்தகம் வெளிவந்தது 1979-இல். நடுவில் பதினைந்து வருஷம் கிடக்கிறது. வரம் பேசுகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 1952-இல் பீட்டர் ஹாரிஸ் கோலாலம்பூரில் தொடங்கிய புதன்கிழமை ஓவியக் குழுவும் இதே கதைதான். ஹாரிஸ் விதிகளைத் திணிக்காதவர், மனம்போல் வரைய விட்டவர். ஆனாலும் வாராவாரம் கூடினார்கள். குழுவின் பெயரே சாட்சி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "தினமும் வரைந்தால் தானாக வந்துவிடும்" என்பார்கள். இது பாதி உண்மை, அதனால் கூடுதல் ஆபத்து. கிள்ளான் லிட்டில் இந்தியாவில், தெங்கு கெலானா சாலையோரம் நின்று கடைவரிசையை வரைகிற புதியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி நடைபாதையின் தூரத்துத் தூணும் பக்கத்துத் தூணும் அவர் தாளில் ஒரே பருமனாக நிற்கும். கூரைக்கோடும் தரைக்கோடும் தண்டவாளம்போல இணையாக ஓடும். கண்மட்டத்துக்கு மேலே உள்ள கோடுகள் தூரம் போகப் போக இறங்க வேண்டும், கீழே உள்ளவை ஏற வேண்டும். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து காட்டினால் அன்றைக்கே பிடிபடுகிற விஷயம். காட்ட ஆளில்லாவிட்டால் அவர் தினமும் வரைவார். தினமும் அந்தப் பிழையையே பழகுவார். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் சித்தப்பா முதல் அத்தை மகன் வரை "சூப்பர்" என்பார்கள். தூண் அப்படியே கிடக்கும்.

திருத்தினால் பிள்ளையின் மனசு உடைந்துவிடுமாம். "நல்லாவே இல்ல" என்றால் உடையத்தான் செய்யும். "மூணாவது தூணைக் கொஞ்சம் ஒல்லியா போடு, தம்பி" என்றால் ஏன் உடைகிறது? அழிரப்பர் எதற்கு இருக்கிறது?

சிலருக்குக் கண் சீக்கிரம் பழகும், மறுக்கவில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். வகுப்புக்குப் பணமில்லை என்றாலும் வழி உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் எதிரே நாலு பேர் உட்கார்ந்து அந்தக் கட்டடத்தையே வரையட்டும். பிறகு தாள்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். 1904-ஆம் ஆண்டுக் கட்டடம் நேராகத்தான் நிற்கிறது. யார் தாளில் சாய்கிறது என்பது வைத்தவுடனே தெரிந்துவிடும்.