பழைய காருக்குள் கிடைக்கும் பொருள் யாருக்குச் சொந்தம்?



எங்க அப்பா குஷன் கடை வச்சிருக்கார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைக்கக் கற்றுக்கொண்டு, பிறகு நம்ம ஊர் மெயின் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டார். பழைய கார் வாங்குகிறவர்கள் பலரும் முதலில் சீட் கவர் மாற்றத்தான் வருவார்கள். அதற்கு சீட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் உள்ளே ஒரு பொருட்காட்சியே இருக்கும்!

காரில் உட்காருகிற சீட்டுக்கும் முதுகு சாய்கிற சீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. நாம் உட்கார்ந்தால் அது விரியும், எழுந்தால் மூடிக்கொள்ளும். பாக்கெட்டில் இருந்து நழுவியது உள்ளே போனால் வெளியே தெரியாது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

நான் லீவு நாளில் கடைக்குப் போவேன். இதுவரை நான் பார்த்தவை: ஹேர்பின், பேனா மூடி, கடலைத் தோல், விபூதிப் பொட்டலம், காய்ந்துபோன எலுமிச்சம்பழம், ஒத்தைக் கொலுசு, கல்யாணப் பத்திரிகை, ஸ்கேன் ரிப்போர்ட், 2011-லேயே செல்லாமல் போன 25 காசு, 2016 நவம்பரில் செல்லாமல் போன 500 ரூபாய் நோட்டு ஒன்று. ஒரு அம்பாசடரில் மேல்வரிசைப் பல்செட் கிடைத்தது. அதைத் தொலைத்த தாத்தா அன்றைக்கு எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்து நானும் தம்பியும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

ஆனால் எல்லாமே சிரிக்கிற மாதிரி இருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பழைய மாருதி 800 வந்தது. பின் சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு தங்க ஜிமிக்கி! ஒத்தை ஜிமிக்கிதான். அப்போது எங்கள் தையல் மெஷின் மோட்டார் எரிந்துபோய், அப்பா கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். ஜிமிக்கியைப் பார்த்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

கடையில் வேலை செய்யும் அண்ணா, "கண்டெடுத்தவங்களுக்குத்தாங்க சொந்தம். நீங்க வச்சுக்கோங்க" என்றார்.

காரைக் கொண்டுவந்த புரோக்கர், "காரை வாங்கினா உள்ள இருக்கறதையும் சேத்து வாங்கின மாதிரித்தானுங்க. புது ஓனருக்குத்தான் போகணும்" என்றார்.

அப்பா இரண்டையும் கேட்கவில்லை. "தொலைச்சவங்க ஒருத்தர் இருப்பாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கார் அதற்கு முன் இரண்டு பேரிடம் இருந்திருக்கிறது. புரோக்கரிடம் இருவர் நம்பரையும் வாங்கிப் போன் செய்தார். ஜிமிக்கி என்று சொல்லவில்லை. "உங்க பழைய கார்ல ஒரு பொருள் கிடைச்சிருக்குங்க. என்ன தொலைச்சீங்க?" என்று கேட்டார். முதல் ஆள், "என்னவா இருந்தாலும் என்னுதுதான்" என்றார். அப்பா போனை வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டில் ஒரு அம்மா எடுத்தார். "ஜிமிக்கியாங்க? ஒரு முத்து விழுந்திருக்குமே?" என்றார். பார்த்தோம். ஒரு முத்து இல்லை.

மறுநாள் வந்து வாங்கும்போது அந்த அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். ஜிமிக்கி காணாமல் போனதும் வீட்டு வேலை செய்த அக்கா மேல் சந்தேகப்பட்டு, திட்டி, வேலையை விட்டே நிறுத்திவிட்டார்களாம். நாலு வருஷம் ஆச்சாம். அந்த நாலு வருஷமும் ஜிமிக்கி கார் சீட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

அப்பா, "அந்தப் பொண்ணைப் பாத்துச் சொல்லிடுங்கம்மா" என்றார். "சொல்றேனுங்க" என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பொருள் தொலைந்தால் பொருள் மட்டும் போவதில்லை, யாரோ ஒருவர் பேரும் சேர்ந்து கெடுகிறது. அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தப் பழி போகும். நாமே வைத்துக்கொண்டால் பழி அப்படியே நிற்கும்.

இதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன். சார் புத்தகம் பார்த்து விளக்கினார். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 403-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-வது பிரிவு. கண்டெடுத்த பொருளைப் பத்திரப்படுத்தவோ சொந்தக்காரரிடம் கொடுக்கவோ எடுப்பது குற்றமில்லை. சொந்தக்காரர் யார் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ள வழி இருந்தோ, நாமே வைத்துக்கொண்டால் குற்றம். புதிய சட்டத்தில் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

அந்தச் சட்டத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன. ரோட்டில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாது, எடுத்தால் குற்றமில்லை. ஆனால் ரோட்டில் கிடந்த கடிதத்துக்குள் பணம் இருந்து, யாருடையது என்று கடிதத்தைப் பார்த்தே தெரிந்தும் எடுத்துக்கொண்டால் குற்றம். விலை உயர்ந்த மோதிரம் கிடைத்து, சொந்தக்காரரைத் தேடாமல் உடனே விற்றாலும் குற்றம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கார் எந்த வகை? ரோடா, கடிதமா? என் கருத்துப்படி கார் என்பது விலாசம் எழுதிய கடிதம். நம்பர் பிளேட் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பேரும் முகவரியும் இருக்கிறது. கார் கை மாறினால் விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. விற்ற புரோக்கரும் இருக்கிறார். இவ்வளவு இருந்தும் "யாருதுன்னு தெரியலை" என்று சொன்னால் அது பொய்தானே?

"ஹேர்பின்னுக்கும் கடலைத் தோலுக்கும் போன் பண்ணச் சொல்றியா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பணம், நகை, சர்டிபிகேட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், போட்டோ, பேர் எழுதிய பொருள், இவற்றுக்காவது ஒரு போன் செய்ய வேண்டும் என்கிறேன்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஜிமிக்கி விஷயம் நடந்து ஆறு மாதம் கழித்து ஒரு ஆம்னி வேன் வந்தது. அதில் நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். காம்பஸ், டிவைடர் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. என்னுடைய பாக்ஸில் காம்பஸ் உடைந்திருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன். மூடியின் உள்பக்கம் ஒரு லேபிளில் பேர், வகுப்பு, பள்ளி எல்லாம் எழுதியிருந்தது. அதுவும் விலாசம் எழுதிய கடிதம்தான். எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர், "இது யார் பேரும்மா?" என்று கேட்டார். "சித்தி பொண்ணு பேரு டீச்சர்" என்று பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க டீச்சர். 'கள்ளாமை' அதிகாரத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவளும் நான்தான்.

அந்தப் பெண் பாக்ஸைத் தொலைத்ததற்காக வீட்டில் அடி வாங்கியிருப்பாளோ? பக்கத்தில் உட்கார்ந்தவளைத் திருடி என்று சொல்லியிருப்பாளோ? அந்த ஜிமிக்கி அம்மா அழுதது ஞாபகம் வரும்போதெல்லாம் பாக்ஸைத் திறக்கவே பிடிக்கவில்லை. போன மாதம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா திட்டவில்லை, "கவர் வாங்கித் தர்றேன், நீயே அனுப்பு கண்ணு" என்றார். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதத்தோடு பார்சலில் அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

முடிவாக நான் சொல்வது இவைதான்.

1. உங்கள் வீட்டில் கார் விற்றால் சீட் சந்து, சீட்டுக்கு அடி, தரை மேட், டேஷ்போர்டு, டிக்கி ஐந்தையும் கை விட்டுப் பாருங்கள். பாட்டுப் பெட்டியில் போன் நம்பர்கள் பதிவாகியிருந்தால் அழித்துவிடுங்கள். ஃபாஸ்டேக் கணக்கையும் முடித்துவிடுங்கள்.

2. பழைய கார் வாங்கினாலும் அப்படியே பாருங்கள். உருண்டு வரும் ஒரு பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

3. ஒவ்வொரு மெக்கானிக் கடையிலும் குஷன் கடையிலும் ஒரு டப்பா வேண்டும். கிடைத்த பொருளோடு கார் நம்பரையும் தேதியையும் எழுதிப் போட வேண்டும். எங்கள் கடையில் இப்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அதற்கென்றே இருக்கிறது.

4. நம் பள்ளியிலும் அப்படி ஒரு பெட்டி தலைமை ஆசிரியர் அறை வாசலில் வைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு டிபன் பாக்ஸ் காணவில்லை என்று மூன்று பேரைச் சோதனை போட்டார்கள். கடைசியில் அது சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் இருந்தது. அந்த மூன்று பேரிடம் யாராவது "ஸாரி" சொன்னீர்களா?



— குஷன் கடைக்காரர் மகள், 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு