அவர்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்கு

கஸுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' வெளிவந்தது 2005இல். இன்றும் அந்நாவல் பாடமாகும் வகுப்பறைகளில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: அவர்கள் ஏன் தப்பி ஓடவில்லை? இஷிகுரோவைக் கொண்டாடுவோரே இந்நாவலில் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் இதுவே அவருடைய உச்சம் என்கிறார்கள்; மறு சாரார் நம்ப முடியாத கதை என்று ஒதுக்குகிறார்கள். ரசனை வேறுபடலாம். ஆனால் ஒதுக்குவதற்குச் சொல்லப்படும் இந்தக் காரணத்தை விமர்சனம் என்று என்னால் ஏற்க இயலவில்லை. அது வாசகர் தமக்குத் தேடிக்கொள்ளும் ஆறுதல்.

உறுப்புகளுக்காகவே குளோனிங் முறையில் உருவாக்கப்பட்டவர்களின் கதை இது. முள்வேலி இல்லை, காவலர் இல்லை. கேத்தி தானே கார் ஓட்டிக்கொண்டு இங்கிலாந்து முழுவதும் சுற்றுகிறாள். உறுப்பை அறுத்தெடுப்பதற்குத் 'தானம்' என்று பெயர். அதில் மாண்டுபோவதற்கு 'நிறைவடைதல்' என்று பெயர். அவளும் டாமியும் கேட்பதெல்லாம் மூன்றாண்டு ஒத்திவைப்பு மட்டுமே. அதற்கும் தங்கள் காதல் உண்மையானது என்று நிறுவியாக வேண்டும் என நம்புகிறார்கள்.

இதே ஆசிரியரின் 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே' 1989இல் புக்கர் பரிசு பெற்றது. நாஜிகளுக்கு இணக்கமான ஒரு பிரபுவுக்கு வாழ்நாள் முழுவதும் பணிவிடை செய்த ஸ்டீவன்ஸை, 'ஏன் வேலையை உதறவில்லை?' என்று எவரும் நம்பகத்தன்மைக் குறையாகச் சுட்டுவதில்லை. அவருடைய கீழ்ப்படிதல் உளவியல் நுட்பம். கேத்தியின் கீழ்ப்படிதல் மட்டும் கதைப் பிழையா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு: அடிமைகளும் தப்பி ஓடினார்கள், கலகம் செய்தார்கள், ஒருவர்கூட ஓடாத உலகம் வரலாற்றுக்குப் பொய்யானது. மதிக்கத்தக்க வாதம்தான். ஆனால் ஓடியவர்களுக்கு ஓடிச் சேர ஓர் இடமும், காத்திருக்க ஒரு சுற்றமும், இது அநீதி என்று சொல்லித்தர ஒரு மொழியும் இருந்தன. கேத்திக்குத் தாய் தந்தை இல்லை, ஊர் இல்லை, 'தானம்' என்ற சொல்லைத் தவிர வேறு சொல்லும் இல்லை.

கற்பனையை விடுவோம். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்பனையைத் தடைசெய்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. நெருங்கிய உறவினர் அல்லாதவர் உறுப்பு தர வேண்டுமானால், அன்பாலோ பற்றாலோ தருகிறார் என்று அங்கீகாரக் குழுவை நிறைவுசெய்ய வேண்டும் என்கிறது அச்சட்டம். டாமியும் கேத்தியும் நிறுவ முயன்றதும் அன்பைத்தான். அந்த 305 பேரிடம் போய் 'ஏன் ஓடவில்லை?' என்று கேட்க நமக்குத் துணிவு உண்டா? வட்டிக்குக் கொடுத்தவரின் வீட்டு வாசலில் முள்வேலி இருந்ததில்லை.

ஆய்வு மாணவர்களாகிய நமக்கும் இந்த மொழி அந்நியமன்று. நம் துயரம் அவர்களுடையதற்கு ஈடாகாது. ஆயினும் பழக்கம் ஒன்றே. உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது நாம் எழுதுவது கண்டனம் அன்று, 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடியும் விண்ணப்பம். காலம் போதாதபோது கேட்பது நீட்டிப்பு. கதவு திறந்தே இருக்கிறது; நாம் வெளியேறுவதில்லை.

நாவலில் ஒரு தரப்பினரை இஷிகுரோ நம் கண்ணில் காட்டுவதே இல்லை: அந்த உறுப்புகளைப் பெற்று உயிர் பிழைத்தவர்கள். 'நானாக இருந்தால் ஓடியிருப்பேன்' என்னும் வாசகர், கேள்வியே இல்லாமல் தம்மைக் கேத்தியின் இடத்தில் வைத்துக்கொள்கிறார். அந்த இடம் நமக்கு உரியதுதானா என்று அடுத்த வகுப்பில் முதலில் கேளுங்கள். நாவலில் காலியாக விடப்பட்டிருப்பது பெற்றுக்கொண்டவரின் இருக்கை.